மீன்தொட்டிக் கண்ணாடியில் விரிசல்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

மீன்தொட்டியில் விரிசலைக் கண்டவுடன் பெரும்பாலோர் கை நேராக அந்த விரிசலுக்குத்தான் போகிறது. விரலால் அழுத்திப் பார்ப்பார்கள், துணியால் துடைப்பார்கள், டேப் ஒட்டுவார்கள். அதற்குள் பத்து நிமிடம் ஓடிவிடும். அந்தப் பத்து நிமிடம் தண்ணீரை இறக்குவதற்கு உரியது. விரிசல் எங்கிருந்து வந்தது, எப்படி ஒட்டுவது, யாரைக் கூப்பிடுவது என்பதையெல்லாம் தொட்டி பாதியான பிறகு நிதானமாக யோசிக்கலாம்.

முதல் பத்து நிமிடம்

தொட்டிக்குப் போகும் எல்லா மின் இணைப்புகளையும் சுவரிலேயே அணைத்துப் பிளக்கை உருவிவிடுங்கள். தரையில் தண்ணீர் பரவி, எக்ஸ்டென்ஷன் பலகையும் அதில் கிடந்தால், அறையின் மெயினை அணைக்காமல் அருகே போக வேண்டாம். ஹீட்டர் இருந்தால் அதைத் தண்ணீருக்குள்ளேயே அடியில் படுக்க வைத்துவிடுங்கள். சூடான ஹீட்டர் தண்ணீருக்கு வெளியே வந்தால் அதன் கண்ணாடிக் குழலும் உடையும்.

பிறகு சைஃபன் குழாயைப் போட்டுத் தண்ணீரை வாளிகளிலும் டிரம்மிலும் இறக்குங்கள். அதைச் சாக்கடையில் விடாதீர்கள். பழுது பார்த்து முடியும்வரை மீன்கள் தங்கப்போவது அந்தத் தண்ணீரில்தான்.

பாதி இறக்கினால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. கண்ணாடியைத் தள்ளும் மொத்த விசை தண்ணீரின் உயரத்தினுடைய வர்க்கத்துக்கு ஏற்ப மாறுகிறது. நான்கு அடி நீளத் தொட்டியில் 45 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், முன்கண்ணாடியின் மேல் ஏறக்குறைய 120 கிலோ எடைக்குச் சமமான விசை இருக்கும். தண்ணீரைப் பாதியாக்கினால் அது 30 கிலோவாகிவிடும். அதாவது நான்கில் ஒரு பங்கு. விரிந்த கண்ணாடிக்கு இதைவிடப் பெரிய முதலுதவி இல்லை.

‘நேற்றும் இந்த விரிசல் இருந்தது, ஒன்றும் ஆகவில்லை, ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போடுகிறவர்களுக்காக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இழுவிசையில் இருக்கும் கண்ணாடியின் விரிசல் முனையில் தண்ணீர் புகுந்தால், அங்கே கண்ணாடியின் வேதிப் பிணைப்புகளைத் தண்ணீரே மெல்ல மெல்ல அறுக்கிறது. கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் விரிசல் நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு கட்டத்தைத் தாண்டியதும் ஒரே நொடியில் ஓடிவிடும். பல நாள் அசையாமல் இருந்த விரிசல் நள்ளிரவில் யாரும் தொடாமலே பிளப்பது இப்படித்தான். இதில் மர்மம் ஏதும் இல்லை. விரிசல் ஓய்வெடுக்கவில்லை, நமக்குத்தான் தெரியவில்லை.

தரை ஈரமாக இருக்கிறது, விரிசல் எதுவும் தென்படவில்லை

எல்லா ஈரமும் கசிவு அல்ல. முதலில் சந்தேகிக்க வேண்டியது ஏர் பம்ப் குழாயை. பம்ப் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, ஸ்டாண்டின் உள்ளே வைக்கப்பட்டிருந்தால், மின்சாரம் போனதும் தண்ணீர் குழாய் வழியாகப் பின்னோக்கி இறங்கிப் பம்ப்பின் வழியே சொட்டத் தொடங்கும். மின்வெட்டுக்குப் பிறகு மட்டும் தரை நனைந்திருந்தால் காரணம் அதுதான். குழாயில் ஒருவழி வால்வு ஒன்றைப் பொருத்தினால் போதும், அல்லது பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வைத்துவிடுங்கள்.

அடுத்தது வெளியே பொருத்தும் பில்டரின் குழாய் இணைப்புகள். பிறகு மூடியில் படிந்த நீராவி விளிம்பு வழியாக வழிவது. காற்றுக்குமிழி வெடித்துத் தெறிக்கும் துளிகள்கூட ஒரே இடத்தில் விழுந்து விழுந்து, கசிவு போலவே கறை படியச் செய்யும்.

இவை எதுவும் இல்லையென்றால் தொட்டியின் வெளிப்புறத்தை முழுதும் துடைத்துக் காயவையுங்கள். அடிப்பகுதியைச் சுற்றி டிஷ்யூ காகிதத்தைப் பட்டையாக மடித்து, மூட்டுக்கு ஒட்டினாற்போல் வையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்கள். முதலில் நனையும் இடத்துக்கு நேர் மேலேதான் பெரும்பாலும் கசிவு இருக்கும். ஆனால் தண்ணீர் அடி விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஓர் அடி தூரம்கூட ஓடும் என்பதால், நனைந்த இடத்தையே கசியும் இடம் என்று அடித்துச் சொல்லிவிட வேண்டாம். நீர்மட்டத்தில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டிவைத்துக் கவனிப்பதும் நல்ல வழி. மட்டம் இறங்கிக்கொண்டே வந்து ஓர் உயரத்தில் நின்றுவிட்டால், ஓட்டை அந்த உயரத்தில் இருக்கிறது. நிற்காமல் இறங்கினால் அது அடியில் இருக்கிறது.

மூட்டில் சொட்டுகிறது, கண்ணாடி முழுதாக இருக்கிறது

நம் கையால் உண்மையாகவே குணப்படுத்தக்கூடிய நோய் இது ஒன்றுதான் என்பேன். கண்ணாடி நன்றாக இருந்து, கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் சிலிக்கான் பசை மட்டும் கெட்டிருந்தால் தொட்டி மறுபடியும் பல ஆண்டு உழைக்கும்.

அறிகுறிகளைச் சொல்கிறேன். உள்மூலையில் இருக்கும் சிலிக்கான் ஓரம் நகத்தால் தூக்கினால் எழும்பி வருகிறது. சிலிக்கானுக்கும் கண்ணாடிக்கும் இடையே பாசி பச்சையாக ஊர்ந்து போயிருக்கிறது. இரண்டு கண்ணாடிகள் சேரும் மெல்லிய கோட்டை வெளியிலிருந்து பார்த்தால் நடுவே வெள்ளையாக, காற்றுப் புகுந்ததுபோல் திட்டுத் தெரிகிறது. கடைசியாகச் சொன்னதுதான் கவலைக்குரியது. தொட்டியைத் தாங்குவது கண்ணாடிகளுக்கு இடையே இருக்கும் அந்த மெல்லிய படலம். உள்மூலையில் தடித்துத் தெரியும் பட்டை அதற்குக் காவல். காவல் மட்டும் கெட்டிருந்தால் உள்பட்டையைச் சுரண்டிப் புதிதாகப் போடலாம். இடைப்படலம் விட்டுப்போயிருந்தால் அந்தக் கண்ணாடியைக் கழற்றித்தான் ஒட்ட வேண்டும்.

கசியும் இடத்தில் மட்டும் கொஞ்சம் சிலிக்கான் வைத்து அப்புவதால் பயனில்லை. காய்ந்த பழைய சிலிக்கான்மேல் புதிய சிலிக்கான் உறுதியாகப் பிடிக்காது. ஒரு மூலையில் கசிந்தாலும் உள்பட்டை முழுவதையும் எடுப்பதே முறை. தொட்டியைக் காலி செய்து, கழுவி, நன்றாக உலரவிடுங்கள். ஒற்றை முனைப் பிளேடைச் சாய்வாகப் பிடித்து, கண்ணாடியோடு ஒட்டி இழுத்தால் பட்டை நாடா போல வரும். பிளேடின் முனை கண்ணாடிகளுக்கு நடுவே உள்ள படலத்துக்குள் இறங்கிவிடக் கூடாது. மிச்சம் ஒட்டியிருக்கும் மெல்லிய தோலையும் விடாமல் சுரண்ட வேண்டும். பார்வைக்குத் தெரியாது, விரலை ஓட்டினால் ரப்பர்போல் தடுக்கும்.

பிறகு அசிட்டோனில் நனைத்த வெள்ளைத் துணியால் துடைக்க வேண்டும். அசிட்டோன் சிலிக்கானைக் கரைக்காது, எண்ணெய்ப் பசையைத்தான் நீக்கும். மண்ணெண்ணெயோ நகப்பூச்சு நீக்கும் திரவமோ வேண்டாம். முன்னது எண்ணெய்ப் படலத்தை விட்டுச்செல்லும், பின்னதில் பெரும்பாலும் வேறு எண்ணெய்களும் வாசனையும் கலந்திருக்கும். துடைத்த பிறகு வெறும் விரல் அந்த இடத்தில் படக்கூடாது.

சிலிக்கானைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஹார்டுவேர் கடையில் ‘சிலிக்கான்’ என்று கேட்டால் குளியலறைக்கு விற்கும் பூஞ்சைத்தடுப்பு வகையை எடுத்துக் கொடுத்துவிடலாம். பூஞ்சையைக் கொல்லும் மருந்து மீனையும் கொல்லும். உறையில் மீன்தொட்டிக்கு உகந்தது என்று எழுதியிருக்க வேண்டும். பூஞ்சைத்தடுப்பு என்ற சொல் இருக்கவே கூடாது. காய்கிறபோது வினிகர் வாசனை வரும் வகையையே தொட்டி கட்டுபவர்கள் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். தயாரிப்புத் தேதியையும் பாருங்கள். காலாவதியான சிலிக்கான் வெளியே காய்ந்ததுபோல் காட்டினாலும் உள்ளே பிசினாகவே நிற்கும்.

மூலையின் இருபுறமும் அரை அங்குலம் விட்டு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். சிலிக்கானைப் பிதுக்கித் தள்ளும் ‘கன்’ கருவியில் டியூபைப் பொருத்தி, ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை நிறுத்தாமல் இழுங்கள். உடனே ஈரமான விரலால், கையுறை போட்டுத்தான், ஒரே வீச்சில் தடவிவிட்டு, மேல்தோல் கட்டுவதற்கு முன்பே டேப்பை உரித்துவிடுங்கள். பத்து நிமிடத்துக்குமேல் காத்திருந்தால் டேப்போடு பட்டையும் பிய்ந்து வரும். முதலில் அடிமூலைகள், பிறகு செங்குத்து மூலைகள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். அந்த வினிகர் நெடி கண்ணை எரிக்கும்.

சிலிக்கான் காய்வது காற்றின் ஈரத்தால். சென்னை போன்ற கடலோர ஊர்களில் அது நமக்குச் சாதகம். உள்பட்டைக்கு 48 மணி நேரம் குறைந்தபட்சம். கண்ணாடிகளுக்கு நடுவே போட்டது என்றால் ஓரங்கள் வழியாக மட்டுமே ஈரம் உள்ளே போகும் என்பதால் ஒரு வாரம் விடுங்கள். வினிகர் வாசனை கொஞ்சமும் இல்லாமல் போனால்தான் காய்ந்தது என்று பொருள். மின்விசிறிக் காற்றும் ஹேர் டிரையரின் சூட்டுக்காற்றும் இதை விரைவுபடுத்தா.

கண்ணாடியில் ஒரு கோடு: கீறலா, விரிசலா?

இரவில் அறை விளக்கை அணைத்து, டார்ச் வெளிச்சத்தைக் கண்ணாடியின் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். கீறல் என்றால் மேற்பரப்பில் மங்கலான வெள்ளைக் கோடாகவே நிற்கும். விரிசல் என்றால் கண்ணாடியின் தடிமனுக்குள்ளே ஒரு சின்னக் கண்ணாடி வைத்ததுபோல் பளிச்சிடும். தலையை அசைத்தால் அந்த மினுக்கும் நகரும். ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு எப்போதும் தவறாது.

நகம் மாட்டாத கீறலை மறந்துவிடலாம். நகம் மாட்டும் அளவு ஆழமானது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தண்ணீர் தள்ளும்போது கண்ணாடி வெளிப்புறமாக லேசாகப் புடைக்கிறது. நடுப்பகுதியின் வெளிமுகம் இழுபடுகிறது. ஆகவே வெளிமுகத்தின் நடுவில் இருக்கும் ஆழமான கீறல், உள்முகத்தில் இருக்கும் அதே கீறலைவிட ஆபத்தானது. பெரிய தொட்டியில் அப்படி ஒன்று இருந்தால் நான் அந்தக் கண்ணாடியை நம்ப மாட்டேன்.

விளிம்பில் சில்லு பெயர்ந்ததும் இப்படித்தான். மேல் விளிம்பில் சிப்பி வடிவில் சிறிதாகப் பெயர்ந்திருந்தால், 400 எண் வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்த்துக் கூர்மையை மழுக்கிவிட்டால் போதும். அடி மூலையில், மூட்டுக்குள்ளேயே பெயர்ந்து தடிமனில் பாதியைத் தின்றிருந்தால் மாற்றிவிடுங்கள்.

முன்கண்ணாடியிலோ பக்கக் கண்ணாடியிலோ நீண்ட விரிசல்

இதற்கு ஒட்டு இல்லை. எப்பாக்சி பிசின், சூப்பர் பசை, கார் கண்ணாடிக்கு ஊற்றும் பிசின் என்று ஒவ்வொருவர் ஒவ்வொன்றைச் சொல்வார்கள். காரின் முன்கண்ணாடி இரண்டு அடுக்குகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலத்தோடு வருவது; அது இரவும் பகலும் ஒரே திசையில் தண்ணீரைத் தாங்கி நிற்பதும் இல்லை. எம்-சீல் வகை எப்பாக்சி மாவு இறுகினால் கல்லாகிவிடும், வழவழப்பான கண்ணாடியில் சரியாகப் பிடிக்காது, கண்ணாடி புடைக்கும்போது கூடவே வளையாது. விரிசலின் முனை எங்கே நிற்கிறதோ அங்கேயிருந்து அது மேலும் ஓடத்தான் போகிறது.

சின்னத் தொட்டியில் ஓரத்தில் சிறு விரிசல் என்றால் மட்டும், விரிசலைத் தாண்டி எல்லாப் பக்கமும் ஐந்து சென்டிமீட்டராவது நீளும் ஒரு கண்ணாடித் துண்டை உள்ளே, முழுப் பரப்பிலும் சிலிக்கான் தடவி ஒட்டலாம். உள்ளே ஒட்டினால் தண்ணீரே அதை அழுத்திப் பிடிக்கும். வெளியே ஒட்டினால் தண்ணீரே அதைத் தள்ளிவிடும். அப்படி ஒட்டிய தொட்டியை நான் மீன் வைக்கப் பயன்படுத்துவதில்லை. செடி முளைக்கவைக்கவோ ஆமை ஒன்று மூன்று அங்குலத் தண்ணீரில் தங்கவோ போதும்.

தொட்டியைக் காப்பாற்ற வேண்டுமானால் அந்தக் கண்ணாடியை மாற்ற வேண்டும். மற்ற நான்கு கண்ணாடிகளும் பழுதில்லாமல் இருந்து, கண்ணாடிக் கடை அருகில் இருந்தால், செய்யத்தக்க வேலைதான்.

முதலில் விரிந்த கண்ணாடி முழுவதிலும் அகலமான டேப்பை ஒட்டுங்கள்; கழற்றும்போது துண்டாகிக் கையைக் கிழிக்காமல் இருக்கும். தடித்த தோல் கையுறையும் கண்ணுக்குக் காப்பும் கட்டாயம். உள்பட்டையை எடுத்துவிட்டு, கண்ணாடிகளுக்கு நடுவே உள்ள படலத்தை மெல்லிய எஃகுக் கம்பியால் அறுக்க வேண்டும். கிட்டார் கம்பி இதற்கு மிக நன்றாக உதவும். இரண்டு முனைகளிலும் மரத்துண்டைக் கட்டிக்கொண்டு ரம்பம்போல இழுங்கள். நெம்பாதீர்கள். ஒரு முறை திருகாணி முடுக்கியை விட்டு நெம்பி, நன்றாக இருந்த பக்கக் கண்ணாடியின் மூலையையும் பெயர்த்துவிட்டேன். ஒரு கண்ணாடிக்குப் பதில் இரண்டு வாங்க வேண்டியதாயிற்று.

அளவெடுப்பதில் கவனம் வேண்டும். நம் கண்ணாடிக் கடைகளில் அங்குலமும் நூலும் கணக்கு. ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல், அதாவது ஒரு நூல் மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். மீன்தொட்டிக்கு அந்த அளவு போதாது. மில்லிமீட்டரில் எழுதி, அதே எண்ணில் வெட்டச் சொல்லுங்கள். ‘மூன்றடித் தொட்டி’ என்று விற்றது உண்மையில் 36 அங்குலமாக இருக்க வேண்டும் என்பதில்லை. கழற்றிய கண்ணாடியையே துண்டு சேர்த்து அளந்துகொள்ளுங்கள். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பொருந்தும் கண்ணாடி என்றால், இருபுறமும் சிலிக்கானுக்கு ஒரு மில்லிமீட்டர் இடம் வேண்டும். இடைவெளியே விடாமல் இறுக்கி வைத்தால் படலம் இல்லாத மூட்டாகிவிடும். தடிமன் பழையதைப் போலவே இருக்கட்டும். விளிம்புகளைத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். தேய்க்காத விளிம்பில் இருக்கும் நுண்ணிய பிளவுகளே நாளைய விரிசலின் விதை.

டெம்பர்டு கண்ணாடியா (சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து வலுவேற்றியது) சாதாரணக் கண்ணாடியா என்ற கேள்வி எழும். உங்கள் கண்ணாடியில் கோடாக ஒரு விரிசல் நிற்கிறது என்றாலே அது டெம்பர்டு அல்ல. டெம்பர்டு உடைந்தால் முழுதும் ஒரே நொடியில் சிறுசிறு துண்டுகளாகச் சிதறிவிடும். மாற்றுவதற்கும் சாதாரணக் கண்ணாடியே வாங்குங்கள்.

ஒட்டும்போது இன்னொருவர் கூட இருக்க வேண்டும். விளிம்புகளில் தொடர்ச்சியாகச் சிலிக்கான் இட்டு, கண்ணாடியை வைத்து, சீராக அழுத்துங்கள். மூட்டின் முழு நீளத்திலும் உள்ளேயும் வெளியேயும் சிறிது பிதுங்க வேண்டும். பிதுங்காத இடத்தில் காற்று இருக்கிறது. மாஸ்கிங் டேப்பால் இழுத்துக் கட்டி, மூலைமட்டம் வைத்துச் செங்கோணம் பார்த்து, அசைக்காமல் ஒரு நாள் விடுங்கள். பிறகு உள்பட்டை. பிறகு ஒரு வாரம்.

அடிக்கண்ணாடி விரிந்திருக்கிறது

பெரம்பூரில் வாடகை வீட்டில் இருந்தபோது எங்கள் மூன்றடித் தொட்டிக்கு இதுதான் நடந்தது. ஏறத்தாழ 130 லிட்டர் தண்ணீர். காலையில் எழுந்து பார்த்தால் ஸ்டாண்டின் கால்கள் ஈரம். காலி செய்து தூக்கிப் பார்த்தபோது அடிக்கண்ணாடிக்கும் பலகைக்கும் நடுவே ஒரு மொச்சைக்கொட்டை அளவுக் கூழாங்கல். மணலை மாற்றிய நாளில் கைதவறி விழுந்திருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. விரிசல் அந்த இடத்திலிருந்து நட்சத்திரம்போல் மூன்று பக்கமும் பிரிந்திருந்தது. மீன்கள் அனைத்தும் பிழைத்தன, அடியில் துணி போட்டுத் துடைக்க மறந்த அந்த ஒரு நிமிடத்தை மட்டும் இன்றுவரை மறக்கவில்லை.

அடிக்கண்ணாடி விரிந்தால் கண்ணாடியைவிட அதற்குக் கீழே இருப்பதைத்தான் முதலில் ஆராய வேண்டும். காரணத்தைத் தேடாமல் கண்ணாடியை மட்டும் மாற்றினால் ஆறு மாதத்தில் அதே இடத்தில் மறுபடி விரியும். விரிசலின் வடிவமே காரணத்தைச் சொல்லும். ஒரு புள்ளியிலிருந்து நட்சத்திரமாகப் பிரிந்தால் அங்கே கீழிருந்து கல்லோ, மேலிருந்து விழுந்த பாறையோ பட்டிருக்கிறது. ஒரு மூலையை வெட்டிக்கொண்டு சாய்வாக ஓடினால் ஸ்டாண்டு முறுக்கியிருக்கிறது. ஒரு கால் தரையில் சரியாக அமரவில்லை. நடுவில் குறுக்கே நேராக ஓடினால் பலகை நடுவில் தொய்ந்திருக்கிறது. தண்ணீர் பட்டுப்பட்டு உப்பிய பிளைவுட் அப்படித்தான் செய்யும். இரும்பு ஆங்கிள் ஸ்டாண்டில் நடுவே ஏதும் தாங்காமல் நான்கு ஓரங்களில் மட்டும் தொட்டி உட்கார்ந்திருந்தால், 18 மில்லிமீட்டர் பிளைவுட் ஒன்றை முழு அளவில் போட்டுத்தான் வைக்க வேண்டும்.

தொட்டி முழுதும் காலியானபின் ஸ்டாண்டின்மேல் கொத்தனாரின் ரசமட்டத்தை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் மூலைக்கு மூலையும் வைத்துப் பாருங்கள். சாய்வு இருந்தால் ஸ்டாண்டின் காலுக்கு அடியில் தகடு கொடுத்துச் சரிசெய்ய வேண்டும். தொட்டிக்கு அடியில் அட்டை சொருகுவது விரிசலை வரவழைப்பதாகும். விளிம்புச் சட்டம் இல்லாத தொட்டிக்குக் கீழே 10 அல்லது 12 மில்லிமீட்டர் தெர்மாக்கோல் விரித்தால் சிறு மேடுபள்ளங்களை அது விழுங்கிக்கொள்ளும். பிளாஸ்டிக் சட்டத்தில் தூக்கி நிற்கும் தொட்டி என்றால் தெர்மாக்கோல் வேண்டாம். அடிக்கண்ணாடி காற்றில் நிற்பதற்காகவே அந்தச் சட்டம் அமைக்கப்பட்டது, கீழிருந்து அதைத் தள்ளக் கூடாது.

பழுது நீக்க நல்ல முறை ஒன்று உண்டு. விரிந்த அடிக்கண்ணாடியை எடுக்காமல், அதன்மேல் உள்ளளவுக்குச் சற்றுக் குறைவாக வெட்டிய புதிய கண்ணாடியை, முழுப் பரப்பிலும் சிலிக்கான் இட்டுப் படுக்கவைப்பது. இருபுறமும் மூன்று மில்லிமீட்டர் விட்டு, அந்த இடைவெளியைச் சிலிக்கானால் நிரப்பி, மேலே உள்பட்டை போட வேண்டும். பக்கக் கண்ணாடிகளை அறுக்கத் தேவையில்லை என்பது இதன் பெரிய நன்மை. சிலிக்கானை வளையம் வளையமாக இடாமல் இணைகோடுகளாக இட்டு, ஒரு பக்கத்திலிருந்து மெதுவாகச் சாய்த்து இறக்குங்கள். காற்று மறுபக்கம் வழியாக வெளியேறும். அடுக்கின் நடுப்பகுதி காய நாளாகும். பத்து நாளுக்கு முன் தண்ணீர் விடாதீர்கள்.

ஆஸ்கார், பிளவர்ஹார்ன் போன்ற மீன் வளர்ப்பவர்கள் கூடுதலாக ஒன்று செய்ய வேண்டும். இவை மணலைத் தோண்டிப் பாறையின் அடியைக் குடைந்துவிடும். பாறை சரிந்து கண்ணாடியில் விழும். பாறையை மணலின்மேல் வைக்காமல், அடிக்கண்ணாடியில் மெல்லிய ஃபோம் விரித்து அதன்மேல் முதலில் பாறை, பிறகு சுற்றி மணல் என்று வையுங்கள்.

தீபாவளி, பொங்கலுக்கு வீடு ஒழுங்குபடுத்தும்போது, ‘கொஞ்சம் தண்ணீர் இருந்தால் பரவாயில்லை’ என்று இரண்டு பேர் இரண்டு பக்கமும் தூக்குவதும் அடிக்கண்ணாடிக்கு எமன். ஒரு கை முன்னே ஒரு கை பின்னே போகும் அந்த நொடியில் தொட்டி முறுக்குகிறது. ஐந்து லிட்டர்கூட மிச்சம் வைக்காமல், மணலையும் அள்ளிவிட்டுத்தான் நகர்த்த வேண்டும்.

மேலே உள்ள குறுக்குப் பட்டி கழன்றது அல்லது விரிந்தது

நீளத் தொட்டிகளில் மேலே நடுவில் முன்னும் பின்னுமாகப் போகும் கண்ணாடிப் பட்டி அலங்காரம் அல்ல. முன்கண்ணாடியும் பின்கண்ணாடியும் வெளியே புடைக்காமல் இழுத்துப் பிடிப்பது அதுதான். அது போனால் உடனே தண்ணீரைப் பாதியாக்குங்கள். தொட்டி கசியவில்லை என்பதைக் காரணம் காட்டித் தள்ளிப்போடாதீர்கள். தண்ணீரை நன்றாக இறக்கி, கண்ணாடிகள் நேராகிவிட்ட பிறகே புதிய பட்டியை ஒட்ட வேண்டும். புடைத்த நிலையில் ஒட்டினால் அது எதையும் இழுத்துப் பிடிக்காது.

தண்ணீர் மாற்றும்போது ‘டக்’ என்று விரிந்தது

வெப்ப வேறுபாடு. மே மாதத்தில் மொட்டை மாடியில் வெயிலில் கிடந்த தொட்டியில் குழாய்த் தண்ணீரைத் திறந்துவிடுவது, பாசி போக வெந்நீர் ஊற்றிக் கழுவுவது, அணைக்காத ஹீட்டர் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருப்பது. சிலிக்கான் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், கண்ணாடி விட்டுக்கொடுக்காது. சமவெளியில் ஹீட்டர் தேவைப்படுவதே பெரும்பாலும் மழைக்கால, மார்கழி இரவுகளில்தான்; மற்ற மாதங்களில் கழற்றிவைத்துவிடலாம். ஊட்டி, கொடைக்கானலில் வளர்ப்பவர்கள் ஒவ்வொரு முறையும் அணைத்துக் கால் மணி நேரம் கழித்தே தண்ணீரை இறக்கட்டும்.

சரிசெய்தும் மறுபடி கசிகிறது

பழைய சிலிக்கானின் தோல் மிச்சம் இருந்திருக்கும், அல்லது மூலை ஈரமாக இருந்திருக்கும், அல்லது பொறுக்காமல் தண்ணீர் விட்டிருப்பீர்கள். பட்டையை ஓர் ஓரத்தில் தூக்கிப் பாருங்கள். கண்ணாடியில் எதுவும் ஒட்டாமல் சுத்தமாக உரிந்து வந்தால் பிடிப்பே இல்லை, கண்ணாடி துடைக்கப்படவில்லை. உள்ளே பிசுபிசுப்பாக இருந்தால் சிலிக்கான் பழையது. எப்படியானாலும் முழுதும் எடுத்துவிட்டு முதலிலிருந்துதான்.

சோதனையை மீன் இல்லாமல், நிழலில், தொட்டி நிரந்தரமாக நிற்கப்போகும் அதே மட்டமான தாங்கலில் செய்யுங்கள். மூன்றில் ஒரு பங்கு நிரப்பி ஒரு நாள், பாதி நிரப்பி ஒரு நாள், முழுதும் நிரப்பி மூன்று நாள். சுற்றிலும் செய்தித்தாள் விரித்து வையுங்கள். ஒரு துளி விழுந்தாலும் தாளில் சுருக்கம் காட்டிக்கொடுக்கும்.

எப்போது கைவிடுவது

இரண்டு கண்ணாடிகள் விரிந்திருந்தால் புதிய தொட்டி வாங்குங்கள். பத்துப் பதினைந்து ஆண்டு பழையதாகி எல்லா மூட்டிலும் பாசி ஊர்ந்திருந்தாலும் அப்படியே. இரண்டடித் தொட்டிக்கு இவ்வளவு உழைப்பும் தேவையில்லை; சிலிக்கான், கன், அசிட்டோன், புதுக் கண்ணாடி என்று கூட்டிப் பார்த்தால் புதியதன் விலையை நெருங்கிவிடலாம்.

சென்னையில் கொளத்தூர்ப் பக்கம் போனால் அலங்கார மீன்களும் தொட்டிகளும் தெருவெங்கும் கிடைக்கும். விலை கேட்பதற்கு முன் கண்ணாடியின் தடிமன் கேளுங்கள், கையில் அளவுகோல் வைத்திருங்கள். இரண்டடி நீளம் ஓரடி உயரத்துக்கு 5 மில்லிமீட்டர் போதும். மூன்றடி நீளம் ஒன்றரை அடி உயரம் என்றால் 8. நான்கடி நீளம் ஒன்றரை அடி உயரத்துக்கு 10 மில்லிமீட்டருக்குக் குறைந்து நான் வாங்க மாட்டேன், பட்டி இருந்தாலும். தடிமனை முதலில் தீர்மானிப்பது உயரம், நீளம் அடுத்தபடிதான். மூட்டை வெளியிலிருந்து பார்த்து, வெள்ளைத் திட்டோ குமிழ்ச் சரமோ இருந்தால் அடுத்த தொட்டியைப் பாருங்கள்.

இந்த நாட்களில் மீன்கள்

மீன்கள் பழைய தண்ணீரிலேயே டிரம்மில், காற்றைக் குமிழிகளாக விடும் ஏர் ஸ்டோன் ஓட, வலை மூடியோடு இருக்கட்டும். புது இடத்தில் பயந்து துள்ளி வெளியே விழுவது மிகச் சாதாரணம். முதல் இரண்டு நாள் இரை வேண்டாம். நலமாக உள்ள வளர்ந்த மீனுக்கு அதனால் கேடில்லை, தண்ணீர்தான் கெடாமல் இருக்கும். பில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவிக் காயவைத்தால் மீன் கழிவிலிருந்து வரும் நச்சான அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிர்கள் அழியும். அதைத் தொட்டித் தண்ணீரிலேயே நனைத்து, அந்த டிரம்மின் தண்ணீருக்குள்ளேயே, காற்றுக்குமிழிகள் ஓடும் இடத்தில் வைத்திருங்கள். இரண்டு நாளைத் தாண்டினால், தினமும் கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீராக இருந்தால் குளோரின் நீக்கும் சொட்டு மருந்து விட்ட பிறகு.

சோதனைத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஒருமுறை அலசி, பழைய தண்ணீர் பாதியும் புதுத் தண்ணீர் பாதியுமாக நிரப்புங்கள். பில்டர் ஓடத் தொடங்கி ஒரு மணி நேரம் ஆன பிறகு, மீன்களைப் பையில் தொட்டித் தண்ணீரில் கால் மணி நேரம் மிதக்கவிட்டுத் திறந்துவிடுங்கள். முதல் வாரம் இரையைப் பாதியாகக் கொடுங்கள்.

கழற்றிய கண்ணாடித் துண்டுகளைக் குப்பைப் பையில் அப்படியே போட வேண்டாம். பல மடிப்புச் செய்தித்தாளில் சுற்றி, அட்டைப் பெட்டியில் வைத்து டேப் ஒட்டி, மேலே ‘உடைந்த கண்ணாடி’ என்று பெரிதாக எழுதி, காலையில் வரும் தூய்மைப் பணியாளரிடம் சொல்லிக் கையில் கொடுங்கள்.